புதிதாக யோசனைகள் தோன்றவும் நிதானமாக முடிவெடுக்கவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யோசிக்கும் முறைகளைப் பற்றிச் சிறு குழுக்களுக்குச் சில ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

எனக்கு அந்த மாதிரி மூளை இல்லைங்க. இதெல்லாம் பிறவியிலேயே வரணும்தானே?

ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இப்படிச் சொன்னவர்களை உட்கார வைத்துப் பார்த்தபோது பெரும்பாலும் ஒன்றைத்தான் கண்டேன். இரண்டு மூன்று யோசனை வந்ததும், "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் நிறுத்தினால் யாருக்குமே புதிதாக எதுவும் வராது.

கில்ஃபோர்ட் என்ற உளவியலாளர் 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராகப் பேசியபோது, படைப்புத்திறன் மேதைகளுக்கு மட்டும் வாய்த்தது என்ற எண்ணத்தை எதிர்த்தார். கூடக்குறைய இருந்தாலும் ஏறக்குறைய எல்லோரிடமும் அது உண்டு என்பது அவர் வாதம். என் அனுபவமும் அதுதான். கூட்டுவதற்கான வழிகள் கீழே வருகின்றன.

புதுசா யோசிக்கிறதும் நிதானமா யோசிக்கிறதும் ஒண்ணுதானா?

இரண்டும் வேறு வேலை. ஒன்றில் யோசனைகளைப் பெருக்குகிறோம், மற்றதில் அவற்றைச் சலிக்கிறோம். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யப் பார்த்தால், பிறக்கும்போதே ஒவ்வொரு யோசனைக்கும் குறை கண்டுபிடித்துக் கொன்றுவிடுவோம். அதனால் இன்று பெருக்குங்கள், நாளை சலியுங்கள். ஒரே நாளில்தான் முடியும் என்றால் நடுவில் எழுந்து போய்விட்டு வாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஆனால் இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: முதலில் தோன்றியதோடு நின்றுவிடுவது. ஒரு புதிர். ஒரு ஏரியில் அல்லி படர்கிறது. தினமும் இரண்டு மடங்காகிறது. ஏரி முழுவதையும் மூட 48 நாள் ஆகும் என்றால், பாதி ஏரியை மூட எத்தனை நாள்? 24 என்று நாக்கு நுனியில் வந்து நிற்கும். விடை 47. மறுநாள் இரட்டிப்பானால் ஏரி நிறைந்துவிடுமே! ஷேன் ஃபிரெடெரிக் 2005இல் வெளியிட்ட மூன்று கேள்விச் சோதனையில் இது ஒன்று. கணக்குத் தெரியாமல் தவறுபவர்கள் இதில் குறைவு. தோன்றியதைத் திரும்பிப் பார்க்காமல் தவறுபவர்களே அதிகம்.

உட்கார்ந்தா ஒண்ணுமே தோண மாட்டேங்குது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

எண்ணிக்கையிலிருந்து. "நல்ல யோசனை ஒன்று வேண்டும்" என்று உட்கார்ந்தால் மனசு இறுகிவிடும். "இருபது யோசனை எழுதணும், மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை" என்று உட்காருங்கள். ஒரு தாளில் 1 முதல் 20 வரை எண்களை முதலிலேயே போட்டுவிடுங்கள். காலியாகக் கிடக்கும் எண்கள் நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

வழக்கமாக முதல் ஏழெட்டு எளிதாக வரும். எல்லாம் ஏற்கெனவே கேட்டவையாக இருக்கும். பத்து, பன்னிரண்டில் வறண்டு போகும். நிறைய பேர் அங்கேதான் எழுந்துவிடுகிறார்கள், தயவுசெய்து எழாதீர்கள். நேரம் போகப் போக யோசனைகள் வரும் வேகம் குறைந்தாலும் அவற்றின் புதுமை கூடுகிறது என்று 1957இலேயே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. 2020இல் வந்த இன்னோர் ஆய்வு, போகப் போகத் தங்கள் யோசனைகளின் தரம் குறைந்துவிடும் என்று மக்கள் தவறாக எதிர்பார்ப்பதைக் காட்டியது. உண்மையில் தரம் அப்படியே இருந்தது, அல்லது கூடியது. வறண்டு போன மாதிரி தெரியும் அந்த இடம், பழக்கமான யோசனைகள் தீர்ந்துவிட்டதன் அடையாளம். புதியவற்றின் முறை அப்புறம்தான் வருகிறது.

எழுதித்தான் ஆகணுமா? மனசுக்குள்ளேயே யோசிச்சா ஆகாதா?

சின்ன விஷயத்துக்கு ஆகும். ஆனால் ஒரே சமயத்தில் மனதில் ஏந்திக்கொள்ள முடிவது நாலைந்து விஷயங்களைத்தான். ஆறாவதைத் தூக்கும்போது முதலாவது நழுவிவிடும். தாளில் இருந்தால் நழுவாது. மூளையும் ஏந்தும் வேலையிலிருந்து விடுபட்டு யோசிக்கும் வேலையைப் பார்க்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மனதுக்குள் இருக்கும்வரை எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். சைக்கிளைப் பார்க்காமல் ஒரு சைக்கிள் வரைந்து பாருங்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் சைக்கிளை நன்றாகத் தெரிந்தவர்களே சட்டத்தைத் தவறான இடத்தில் வைத்தார்கள். சிலர் செயினை இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாட்டினார்கள். அப்படி ஒரு சைக்கிளின் முன்சக்கரத்தைத் திருப்பவே முடியாது! நம் திட்டங்களும் பல நேரம் அந்த சைக்கிள் மாதிரிதான். எழுதும்போதுதான் செயின் எங்கே மாட்ட வேண்டும் என்று தெரியாதது தெரிய வரும்.

எவ்வளவு யோசிச்சாலும் சுத்திச் சுத்தி அதே மாதிரிதான் வருது. என்ன பண்றது?

பழகிய வழி கண்ணை மறைக்கிறது. ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட குடுவைச் சோதனை இதைக் கண்ணாடி போலக் காட்டும். 21, 127, 3 அளவுள்ள மூன்று குடுவைகளை வைத்து 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். பெரியதை நிரப்பி, அதிலிருந்து நடுத்தரத்தை ஒருமுறையும் சிறியதை இருமுறையும் ஊற்றி எடுத்தால் 100. இதே வழியில் தீரும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் 23, 49, 3 குடுவைகளில் 20 எடுக்கச் சொன்னார். 23இல் 3 போனால் 20, முடிந்தது. பழகியவர்களில் பெரும்பாலோர் அதே நீண்ட வழியிலேயே போனார்கள். முன்கணக்கு எதுவும் செய்யாமல் நேரே வந்தவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பொருள்களிலும் இப்படித்தான். கார்ல் டுங்கரின் சோதனை புகழ்பெற்றது. ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையக் குத்தூசிகள் கொடுத்து, மெழுகு கீழே சொட்டாதபடி வர்த்தியைச் சுவரில் நிறுத்தச் சொல்வார்கள். பெட்டியைக் காலி செய்து சுவரில் குத்தி, அதன்மேல் வர்த்தியை வைப்பதுதான் வழி. பெட்டிக்குள் ஊசிகள் இருந்தபோது அதை ஊசி வைக்கும் சாமானாகவே பார்த்தார்கள். பெட்டியைக் காலியாகத் தனியே கொடுத்தபோது அதிகம் பேருக்கு விடை தோன்றியது.

இதிலிருந்து வந்த பயிற்சி: கையில் உள்ள ஒவ்வொன்றையும் பகுதி பகுதியாகப் பிரித்து, பயன்பாட்டைச் சொல்லாத பெயரால் எழுதுங்கள். "திரி" என்று எழுதினால் எரிப்பதுதான் நினைவுக்கு வரும். "நூல்" என்று எழுதினால் கட்டவும் பயன்படும் என்று தெரியும். வேலை முறைகளுக்கும் இது பொருந்தும். "வாராந்திரக் கூட்டம்" என்பதை "எட்டுப் பேர் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் இருப்பது" என்று எழுதிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தை வேறு எதற்கெல்லாம் செலவிடலாம் என்று உடனே தோன்றும்.

நான் யோசிச்சாலே வேலை பெருசாகிட்டே போகுதே, ஏன்?

சேர்ப்பதை மட்டும் யோசிப்பதால். 2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், லெகோ கட்டைகளால் செய்த ஒரு கூரையை உறுதியாக்கச் சொன்னார்கள். கூரை ஒரு மூலையில் ஒற்றைக் கட்டையின்மேல் நின்றது. பலர் இன்னும் கட்டைகளைச் சேர்த்தார்கள். அந்த ஒற்றைக் கட்டையை எடுத்துவிட்டால் கூரை கீழ்த்தளத்திலேயே உறுதியாக உட்கார்ந்திருக்கும். எடுக்கலாம் என்று நினைவூட்டியபோது கூடுதலான பேர் எடுத்தார்கள். ஆக, மனசு மறுக்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அதனால் இருபது எண் பட்டியலில் ஐந்தை "எதை எடுத்துவிடலாம்?" என்ற கேள்விக்கென்றே ஒதுக்குங்கள்.

நாலு பேரா உட்கார்ந்து யோசிச்சா நிறைய வருமாமே?

பலரும் நம்புகிறார்கள், நானும் ரொம்ப நாள் நம்பினேன். குழுவாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் முறையைப் பரப்பிய அலெக்ஸ் ஆஸ்போர்ன், குழுவில் இருந்தால் ஒருவருக்கு இரண்டு மடங்கு யோசனை வரும் என்றார். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது தலைகீழாக வந்தது. தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்தால், சேர்ந்து உட்கார்ந்த நால்வரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பது முக்கியக் காரணம். காத்திருக்கும்போது நம் யோசனை மறந்துவிடுகிறது, அல்லது சொல்லத் தயக்கம் வந்துவிடுகிறது. அதற்காகக் குழுவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதல் பத்து நிமிடம் எல்லோரும் வாய் திறக்காமல் எழுதுங்கள். அப்புறம் தாள்களைப் பக்கத்தில் உள்ளவருக்கு நகர்த்தி, உங்களிடம் வந்த தாளில் உள்ளதன்மேல் நீங்கள் ஒன்றைச் சேருங்கள். பேச்சு அதற்குப் பிறகு. பதவியில் மூத்தவர் கடைசியாகப் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் யோசனையைச் சுற்றியே வருவார்கள்.

நடந்தா ஐடியா வரும், தூங்கி எழுந்தா விடை கிடைக்கும்னு சொல்றது நிஜமா?

நடப்பது நிஜம். ஸ்டான்ஃபோர்டில் செய்த ஆய்வொன்று 2014இல் வெளியானது. உட்கார்ந்திருந்தபோதைவிட நடந்தபோது பெரும்பாலோருக்குக் கூடுதல் யோசனைகள் வந்தன. வெளியே போகாமல் வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தபோதும் அப்படித்தான். ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளில் நடை கைகொடுக்கவில்லை. சற்று மோசமாகவே செய்தார்கள். பெருக்குவதற்கு நடங்கள், சலிப்பதற்கு உட்காருங்கள்.

தூங்கப் போவதோ எழுந்து போவதோ, விட்டுவிட்டுப் போவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கணிதமேதை ஹென்றி புவான்கரே, வண்டியில் ஏறக் காலை வைத்த கணத்தில் ஒரு பெரிய தொடர்பு பளிச்சென்று தோன்றியதை எழுதியிருக்கிறார். எல்லோரும் அந்தப் படிக்கட்டைச் சொல்வார்கள். அதற்குமுன் பல நாள் மேசையில் அவர் முட்டி மோதியதையும், ஊர் திரும்பியதும் உட்கார்ந்து சரிபார்த்ததையும் விட்டுவிடுவார்கள். விட்டுவிட்டுப் போவது பலிக்க வேண்டுமானால் முதலில் முட்டியிருக்க வேண்டும். நான் செய்வது: எங்கே சிக்கிக்கொண்டேன் என்பதை ஒரே ஒரு கேள்வி வாக்கியமாக எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். திரும்பி வந்ததும் அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்குவேன். மொபைலைப் பார்த்துக்கொண்டே நடந்தால் எனக்கு எதுவும் வந்ததில்லை.

வேற துறையிலிருந்து எடுத்துக்கோன்னு சொல்றாங்க. எதை, எப்படி எடுக்கிறது?

இது நல்ல கேள்வி, பதில் கொஞ்சம் நீளம். வயிற்றில் ஒரு கட்டி. அதை அழிக்கும் கதிர்வீச்சைப் பலமாகச் செலுத்தினால் வழியில் உள்ள நல்ல தசையும் போய்விடும்; மெதுவாகச் செலுத்தினால் கட்டி அழியாது. என்ன செய்வது? பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைச் செலுத்திக் கட்டியில் ஒன்றுசேர வைக்கலாம். கிக், ஹோலியோக் என்ற இருவர் 1980இல் இதை வைத்து ஆராய்ந்தார்கள். தானாக இந்த விடையைச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர்தான். இன்னொரு குழுவுக்கு முதலில் ஒரு கதை கொடுத்தார்கள்: கோட்டைக்குப் போகும் சாலைகளில் கண்ணிவெடி, பெரும்படை ஒரே வழியில் போக முடியாது, தளபதி படையைச் சிறு சிறு பிரிவாக்கிப் பல சாலைகளில் அனுப்புகிறார். அச்சாக அதே விடை. அப்போதும் கதையைத் தானாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு. "அந்தக் கதை உதவும்" என்று ஒரு சொல் சொன்ன பிறகுதான் நான்கில் மூன்று பேர் அளவுக்கு விடை சொன்னார்கள்.

விடை தலைக்குள்ளேயே இருந்தும் எட்டவில்லை. ஒன்று மருத்துவம், மற்றது போர் என்று மேல்தோலைப் பார்த்து மனசு அடுக்கி வைத்துவிட்டது. ஆகவே பிரச்சினையைத் துறைச் சொற்கள் இல்லாமல் எழுதுங்கள். "நோயாளிகள் வரிசையில் ரொம்ப நேரம் காத்திருக்கிறார்கள்" என்பதை "வருவது ஏற்ற இறக்கமாக இருக்கிறது, கவனிப்பது ஒரே வேகத்தில் இருக்கிறது" என்று எழுதினால், அணைக்கட்டு, விமான நிலையம், கணினி என்று எத்தனையோ இடங்கள் ஞாபகத்துக்கு வரும். அவரவர் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தேடினால் போதும். திரியை நூல் என்று எழுதினோமே, அதே வேலைதான் இங்கே பிரச்சினைக்கே நடக்கிறது.

பட்டியல் ரெடி. இப்போ எதை எடுக்கிறது?

பெஞ்சமின் பிராங்க்ளின் 1772இல் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழி சொன்னார். தாளை இரண்டு பத்தியாக்கி ஒரு பக்கம் ஆதரவு, மறுபக்கம் எதிர்ப்பு. எடையில் சமமானவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வந்தால் மிச்சம் தெரியும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அவர் மூன்று நான்கு நாள் எடுத்துக்கொண்டு, தோன்றத் தோன்ற எழுதச் சொன்னதைத்தான் மறந்துவிடுகிறோம். இன்றைய மனநிலையில் தோன்றும் காரணங்கள் நாளை தோன்றுபவை அல்லவே. ஒரே அமர்வில் போட்ட பட்டியல், ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்குக் கையெழுத்துப் போடுவதாகவே முடிகிறது.

நான் நினைக்கிறது சரியான்னு நானே எப்படிச் சோதிக்கிறது?

ஆதரவு தேடுவதை நிறுத்தி, உடைக்கப் பாருங்கள். பீட்டர் வேசன் 1960இல் 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இதன் பின்னால் உள்ள விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். மற்ற எண்களைச் சொல்லிக் கேட்கலாம். பொருந்துமா இல்லையா என்று பதில் வரும். "இரண்டு இரண்டாகக் கூடுகிறது" என்று நினைத்தவர்கள் 8, 10, 12 கேட்டார்கள், பொருந்தும். 20, 22, 24; பொருந்தும். நம்பிக்கையோடு விதியைச் சொன்னார்கள், தவறு. ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் பொருந்தும் என்பதே விதி. 1, 2, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தன் நினைப்புப்படி "இல்லை" என்று வர வேண்டிய கேள்வியைத்தான் யாரும் கேட்கத் துணிவதில்லை.

பாரபட்சம் இல்லாமல் யோசி என்று நமக்கே சொல்லிக்கொண்டால் போதாதா என்பார்கள். 1984இல் சோதித்தார்கள், அந்த அறிவுரை எடுபடவில்லை. ஓர் ஆய்வைப் படித்து எடை போடும்போது, "இதே ஆய்வு எதிர்மாறான முடிவைத் தந்திருந்தால், அப்போதும் இதை இப்படித்தான் எடை போடுவேனா?" என்று கேட்டுக்கொண்டது எடுபட்டது. நல்லெண்ணம் போதாது, குறிப்பான ஒரு கேள்வி வேண்டும். டார்வின் தன் முடிவுகளுக்கு எதிரான தகவல் எது கண்ணில் பட்டாலும் அப்போதே குறித்துக்கொள்வாராம். சாதகமானவற்றைவிட அவை சீக்கிரம் மறந்துபோவதைக் கவனித்திருந்தார். எழுதித்தான் ஆகணுமா என்ற கேள்விக்கு இது மூன்றாவது காரணம்.

திட்டமெல்லாம் போடுறேன். ஆனா எப்பவும் தள்ளித்தான் போகுது.

1994இல் வெளியான ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள். ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான கணிப்பையும் தாண்டிவிட்டது. நாம் கணிக்கும்போது இந்த வேலை எப்படி நடக்கும் என்று ஒரு கதையை மனதில் ஓட்டுகிறோம். அந்தக் கதையில் யாருக்கும் காய்ச்சல் வராது. அதற்குப் பதிலாக, இதற்குமுன் இதே மாதிரி வேலைகளுக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று பழைய கணக்கைப் பாருங்கள்.

இன்னொன்று உளவியலாளர் கேரி கிளைன் சொன்னது. தொடங்குமுன்பே, "ஆறு மாதம் ஆகிவிட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி" என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனியே எழுத வேண்டும். "ஏதாவது சிக்கல் வருமா?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஏற்கெனவே தோற்றுவிட்டது என்றால் காரணம் சொல்வது கெட்டிக்காரத்தனமாகிவிடுகிறது. என் குழுக்களில் எந்தப் பயிற்சியையும்விட இதில்தான் அமைதியானவர்கள் பேசிப் பார்த்திருக்கிறேன்.

எல்லாத்துக்கும் இப்படி யோசிச்சா வேலை ஓடுமா?

ஓடாது. திரும்பி வரக்கூடிய முடிவா என்று மட்டும் பாருங்கள். தவறினால் நாளையே மாற்றிக்கொள்ளலாம் என்றால் சட்டென்று செய்துவிட்டு, நடப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பின்வாங்க முடியாதவற்றுக்கு இந்த உழைப்பை வையுங்கள்.

மூளைப் பயிற்சி ஆப் ஏதாவது போடலாமா?

ஆசைக்கு விளையாடலாம். அந்த விளையாட்டில் தேர்ச்சி வரும். அது வேலையிலோ வாழ்க்கையிலோ யோசிப்பதற்குக் கைகொடுக்கிறது என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்று 2016இல் வந்த ஒரு விரிவான மதிப்பாய்வு சொன்னது. அதற்குச் செலவாகும் நேரத்தில் உங்கள் சொந்தப் பிரச்சினைக்கு இருபது யோசனை எழுதுங்கள்.

இப்போதான் ஏஐ இருக்கே, அதுகிட்டயே கேட்டுக்கலாமே?

கேட்கலாம், எப்போது என்பதுதான் விஷயம். 2024இல் வெளியான ஒரு ஆய்வில் ஏஐ தந்த யோசனைகளை வைத்துச் சிலர் சிறுகதை எழுதினார்கள். தனித்தனியே பார்த்தால் அந்தக் கதைகள் நன்றாக இருப்பதாக வாசகர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, சொந்தமாக எழுதியவர்களின் கதைகளைவிட ஒன்றுக்கொன்று சாயல் அதிகம் இருந்தது. முதலில் அதைப் படித்துவிட்டால் லூச்சின்ஸின் குடுவை மாதிரி அந்த வழியே கண்ணை மறைக்கும். ஆகவே உங்கள் இருபதை முதலில் எழுதிவிடுங்கள். அப்புறம் எதிர்வாதம் சொல்லவும், திட்டம் தோற்றதற்கான காரணங்களைக் கூட்டவும் அதைக் கேளுங்கள். சலிக்கும் வேலைக்கு நல்ல துணை.

எல்லாம் சரியா யோசிச்சேன், இருந்தும் தப்பாப் போச்சே. அப்போ என்ன பிரயோஜனம்?

மனதுக்குக் கஷ்டமான கேள்வி, அடிக்கடி வருவது. நல்ல முடிவு கெட்ட விளைவில் முடியலாம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு அதிர்ஷ்டத்தால் பலிக்கலாம். 1988இல் நடந்த ஆய்வில் ஒரு மருத்துவரின் அறுவைச் சிகிச்சை முடிவை மதிப்பிடச் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்திருந்த தகவல்கள் அதேதான். நோயாளி பிழைத்தார் என்று கேட்டவர்களைவிட, இறந்தார் என்று கேட்டவர்கள் அவர் முடிவைத் தாழ்வாக மதிப்பிட்டார்கள். நம்மையும் நாம் இப்படித்தான் மதிப்பிட்டுக்கொள்கிறோம்.

இதற்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். முடிவெடுக்கும் அன்றே தேதி போட்டு, என்ன தெரியும், வேறு எந்த வழிகளைத் தள்ளினேன், எது நடந்தால் மனதை மாற்றிக்கொள்வேன், நான் சரி என்பதற்கு நூற்றுக்கு எத்தனை என்று எழுதுங்கள். விளைவு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். அன்று தெரிந்திருக்கக்கூடியதைப் பார்க்காமல் விட்டோமா, இல்லை யாருக்குமே தெரிந்திருக்க வாய்ப்பில்லையா என்பது தெரியும். முதல்வகை என்றால் அடுத்த முறைக்கு ஒரு கேள்வி கூடும். இரண்டாம் வகை என்றால் உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

முப்பது நாற்பது பதிவுகள் சேர்ந்ததும் எண்களைப் பாருங்கள். 70 என்று எழுதியவற்றில் பத்துக்கு ஏழு பலித்ததா? என் ஏட்டில் 70கள் ஓரளவு ஒத்துப்போயின. 90 என்று எழுதியவை பத்துக்கு ஏழுதான் தேறின. இப்போதெல்லாம் 90 என்று எழுதக் கை போனால், தோல்விக்கு இரண்டு காரணங்களை முதலில் எழுதிவிட்டு அப்புறம்தான் எண்ணைப் போடுகிறேன்.